பிடிக்கட்டைக்குள் இருந்த செபம்

பானிங்கின் கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், வந்த வினையெல்லாம் அந்தக் கைகளால் வந்ததுதான். சும்மா இருக்கத் தெரியாத கைகள். மூடியிருப்பதைத் திறக்க வேண்டும், திறந்ததைக் கழற்ற வேண்டும், கழற்றியதைப் பழைய துணி விரித்து வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

கல்யாணத்தன்று விருந்தின் நடுவில் பாட்டுப்பெட்டி மக்கர் பண்ணியது. எவனாவது வந்து பார்ப்பான் என்று எல்லாரும் காத்திருக்க, மணப்பெண் வெள்ளைக் கவுனோடு தரையில் உட்கார்ந்து அதன் முதுகைக் கழற்றிவிட்டாள். கல்யாணப் படங்களில் பாதியில் அவள் பல்லுக்கிடையே ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. அதில் ஒன்றை அவள் புருஷன் ஒஸ்டிங் தன் வாடகை டிரைசைக்கிளில் கண்ணாடிக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறான். ஏறுகிறவர்கள் கேட்டால், "இவதான் என் பொண்டாட்டி. வண்டி நல்லா ஓடுதுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க, ஏன் ஓடுதுன்னு பாக்கக் கழட்டிடுவா" என்பான்.

வேலை மக்தான் தீவின் தையல் தொழிற்சாலையில். இருநூறு தையல் இயந்திரங்கள், எட்டு மெக்கானிக்குகள், அதில் பெண் இவள் ஒருத்திதான். முதல் வருஷம் முழுக்க அவள் கையில் எண்ணெய்க் குப்பியைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள், நாலு ஆண்பிள்ளைகள் பார்த்துக் கைவிட்ட, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் ஒன்றைச் சனிக்கிழமை திறந்தாள், திங்கட்கிழமை மூடினாள், அது இன்றுவரை ஓடுகிறது. அன்றைக்கு ஃபோர்மேன் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தை தொழிற்சாலை முழுக்கப் பரவியது: "நான் தொறந்தத நானே மூடுவேன்." பதினேழு வருஷமாக அந்தப் பேச்சு பொய்த்ததில்லை. வீடு ஒஸ்டிங்கின் அப்பா கட்டியது, வண்டி ஒஸ்டிங்குடையது. பானிங்கின் சொத்து அந்த ஒரு பேச்சுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுடப் போவாள். தானாவ் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் அது பெரிய அதிசயமில்லை. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் துப்பாக்கி செய்ய அரம் பிடித்துப் பழகிய கை இருக்கிற வட்டாரம் அது. மலையடிவாரத்தில் தென்னந்தோப்புக்குப் பின்னால் கிளப்பின் சுடுகளம். அஞ்சு வருஷமாகக் கிளப்பின் பொதுத் துப்பாக்கியை வாங்கித்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கழற்ற மட்டும் யாரும் விடவில்லை.

போன நவம்பரில் அபுண்டியோ இறந்துபோனார். வாலிபத்தில் துப்பாக்கிப் பட்டறையில் அரம் போட்டவர், கிளப்பின் ஐவர் அணியில் இருபது வருஷம் நின்றவர். சாவதற்கு முந்தின மூன்று வருஷம் மட்டும் புள்ளிகள் சரிந்துகொண்டே வந்தன. கேட்டால், "கண்ணாடி மாத்தணும்டா" என்பார். ஆனால் அவருடைய நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டல் மட்டும் ஒரு தடவைகூடப் பாதியில் நின்றதில்லை. அதை அவர் மனைவி தொமாசா பானிங்குக்கே விற்றாள். ஊரில் வயதில் மூத்த பெண்களை 'நாங்' என்றும் இளையவளை 'இண்டாய்' என்றும்தான் கூப்பிடுவது. "நாங், வேற யாரும் கேக்கலையா?" என்று பானிங் கேட்டதற்கு, "கேட்டாங்க. உன் கை சுத்தம், இண்டாய்" என்றாள் கிழவி. உரிமம் பேர் மாற்றி வருவதற்குத் தவக்காலம் வந்துவிட்டது.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்தவள், குருத்தோலையைக் கதவில் செருகிவிட்டு, கவுனைக்கூட மாற்றாமல் துப்பாக்கியைத் துணியில் வைத்துக் கழற்ற ஆரம்பித்தாள்.

"மத்தியானம் சோறு உண்டா?" என்று ஒஸ்டிங் கேட்டான்.

"சட்டியில இருக்கு."

"சட்டி எங்க இருக்கு?"

"அடுப்புல."

"அப்பா, நல்லவேளை. கழட்டி வெச்சுட்டியோன்னு பயந்தேன்."

மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, குழல், சுருள், ஊசி எல்லாம் வரிசையாக வந்தன. சுத்தமான துப்பாக்கி, கிழவரின் அரம் தொட்ட இடமெல்லாம் வழவழவென்று இருந்தது. கடைசியாக இடப்பக்கத்துப் பிடிக்கட்டையின் இரண்டு திருகுகளையும் சுழற்றி அந்த மரத் துண்டைத் தூக்கினாள். உள்ளே, மேல் ஓரத்தை ஒட்டி, சிகரெட் பெட்டியின் பளபளப்புத் தாளில் சுற்றிய ஒரு காகிதம் பல மடிப்பாக மடிந்து அமுங்கிக் கிடந்தது.

பானிங் கையைப் பின்னுக்கு இழுத்தாள். இயேசு மரி சூசை! அது என்னவென்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பெரிய வெள்ளியன்று எழுதி மந்திரித்த செபம். மீனவன் படகின் அடியில் வைப்பான், லாரிக்காரன் இருக்கைக்குள் தைத்துக்கொள்வான். எழுதியவன் அல்லாத வேறு கண் பட்டால் அதன் சக்தி போய்விடும், பார்த்த கண்ணுக்கும் நல்லதில்லை. கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும் பானிங், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பொருளைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று மாலையே போய்த் தொமாசாவிடம் கொடுத்துவிட்டாள்.

தொமாசா அதைக் கன்னத்தில் வைத்து அழுதாள். "இது உள்ள இருந்துச்சா? அதான் அவரு துப்பாக்கி ஒருநாளும் மக்கர் பண்ணல" என்று சொல்லி, குழந்தை இயேசு சுரூபத்தின் அங்கிக்குப் பின்னால் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். பானிங் நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டி, ஸ்லைடை ஏழெட்டுத் தடவை இழுத்துப் பார்த்தாள். அச்சு அசலாக இருந்தது.

புதன்கிழமை மாலைதான் மானம் போனது.

அபுண்டியோவின் இடம் அணியில் காலியாக இருந்தது. அதற்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி பானிங். இன்னொருவன் ஐஸ் ஃபாக்டரி கலிக்ஸ்டோ, இடுப்பில் புத்தம் புதுத் துப்பாக்கி, வாயில் பழைய கேலி. அணித் தலைவர் ருஸ்திகோ, கிராமத்துக்குத் தலைவரும் அவரே என்பதால் எல்லாருக்கும் கபிதான். அவர் முன்னால் பானிங் ஆறு குண்டு நிரப்பிச் சுட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதோடு ஸ்லைடு பின்னால் போய் அங்கேயே நின்றுவிட்டது. குண்டு தீர்ந்தால்தான் அது அப்படி வாய் பிளந்து நிற்க வேண்டும். உள்ளே இன்னும் இரண்டு இருந்தன. மறுபடி நிரப்பினாள். இந்தத் தடவை மூன்றாவதிலேயே நின்றது. அடுத்தது ஐந்தாவதில்.

"இருபது வருஷம் கிழவன் கையில நிக்காத துப்பாக்கி, மூணே நாள்ல!" என்று கலிக்ஸ்டோ எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "என்னம்மா பண்ணின? தையல் மெஷின்னு நெனச்சு நூல் கோத்துட்டியா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கபிதான் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "இண்டாய், கழட்டினியா?"

"கழட்டினேன், கபிதான். கழட்டினதை ஒழுங்காத்தான் மாட்டியிருக்கேன்."

"மாட்டியிருந்தா நிக்காதே." அவர் யோசித்தார். "ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கெழம காலைல வா. பத்துத் தடவ, ஆறு ஆறா, அறுபது குண்டு. ஒரு தடவ நின்னாலும் எடம் கலிக்ஸ்டோவுக்கு. போட்டியில போய் நின்னுக்கிட்டு இருந்தா நம்ம ஊரு மானம் போயிடும்."

அணியில் இடம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பானிங் திறந்தாள், மூடத் தெரியவில்லை என்ற பேச்சு பஸ் ஏறி மக்தான் வரைக்கும் போய்விடும். கலிக்ஸ்டோவின் மச்சான் அதே தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவில் இருக்கிறான்.

பெரிய வியாழனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை சுடுகளம் பூட்டு. துப்பாக்கிச் சத்தம் கிடையாது, பாட்டுப்பெட்டி கிடையாது. ஆண்டவரை ஆணியடித்த நாட்களில் யாரும் ஆணியடிக்க மாட்டார்கள், சுத்தியலையே தொட மாட்டார்கள். தொழிற்சாலைக்கும் விடுமுறை. ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாலு நாளில்தானா இவளுக்கு இது வர வேண்டும்! சுட்டுப் பார்க்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

வியாழக்கிழமை விடிந்ததும் கழற்றினாள். குண்டு நிரப்பும் மேகசின் மேல் சந்தேகம் வந்தது. ஒஸ்டிங்கைக் கிளப்பின் சாவிக்காரரிடம் அனுப்பிப் பொது மேகசின் இரண்டு வாங்கிவரச் செய்தாள். மருந்தில்லாத போலிக் குண்டுகளைப் போட்டுக் கையால் இழுத்தாள். வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. தன் பழைய மேகசினைப் போட்டு இழுத்தாள். அதுவும் ஓடியது. சுருளைக் கழற்றி நீளம் அளந்தாள். ஸ்லைடை நிறுத்தும் அந்தச் சின்னத் தாழைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூட்டினாள். இழுத்தாள். ஓடியது. எரிச்சலில் மறுபடி கழற்றினாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் காவியத்தை ஒலிபெருக்கியில் ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூச்சு நிறுத்தாமல் முறை வைத்து வாசிப்பது. இவள் துப்பாக்கியும் அப்படி நிற்காமல் ஓடக் கூடாதா என்று தோன்றியதும், ஆண்டவரே மன்னியும் என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

பெரிய வெள்ளியன்று அடுப்பில் பினிக்னிட் கொதித்தது. தேங்காய்ப்பாலில் வாழைப்பழமும் சேனையும் சர்க்கரைவள்ளியும் போட்டுக் கிளறும் அந்தக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிபிடித்துவிடும். பானிங் இடக்கையால் கரண்டியைச் சுற்றினாள், வலக்கை மேசையில் கிடந்த தாழைத் தடவிக்கொண்டிருந்தது. கஞ்சி அடிபிடித்தது.

"போச்சு!" என்று ஒஸ்டிங் மூக்கைச் சுளித்தான். "ஏம்மா, இன்னிக்கு மட்டுமாவது அத வெய்யேன். விரல்ல வெட்டு விழுந்தா ஆறாது, தெரியுமில்ல? பெரிய வெள்ளிக் காயம்."

"வெட்டினா வெட்டட்டும்."

"எத்தன தடவ கழட்டின?"

"பதினொண்ணு."

"பன்னெண்டாவது தடவ கழட்டுனா அதுவே வாயத் தொறந்து எங்க வலிக்குதுன்னு சொல்லிடுமா?" அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "பானிங், ஊர்ல எல்லாரும் சொல்றத நீ மட்டும் சொல்ல மாட்டேங்கிற. நீ கழட்டினதுல எதத் திரும்ப வைக்கல? யோசி."

"எல்லாத்தையும் வெச்சாச்சு."

"செபத்த?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இரும்புக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? மெஷின் நின்னா மெஷின்லதான் கோளாறு. பதினேழு வருஷமா எந்த ஓவர்லாக்க நான் செபம் வெச்சு ஓட்டினேன்?"

"சரிம்மா, சரி. அடிபிடிச்ச கஞ்சிய ஊத்து, பசிக்குது."

சாப்பிட உட்கார்ந்தபோது தன் வாயில் வந்த வார்த்தையே அவளை உறுத்தியது. ஓவர்லாக். கையால் சக்கரத்தைச் சுற்றினால் அழகாகத் தைக்கும், மோட்டாரைப் போட்டால் நின்றுவிடும். தொழிற்சாலையில் அப்படி வந்தால் முதலில் என்ன பார்ப்பாள்? தேய்மானத்தைப் பார்க்க மாட்டாள். எங்கோ தளர்ச்சி. அதிர்ச்சி வரும்போது மட்டும் ஆடும் ஏதோ ஒன்று. கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். தான் தொட்ட ஒவ்வொரு உறுப்பையும் நகத்தால் நெம்பினாள், காதருகே வைத்து ஆட்டினாள். எதுவும் ஆடவில்லை. தான் தொட்டதை மட்டும்தான் சந்தேகப்பட்டாள் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. மெக்கானிக் புத்தியும் சில நாள் அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் கோவிலில் மரக்கட்டைத் தாளம் கேட்டது. இயேசு உயிர்விட்ட நேரம். பானிங் மண்டியிட்டாள், செபம் வாயில் வந்தது, மனசு வரவில்லை. எழுந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேரே தொமாசா வீட்டுக்கு நடந்தாள். உள்ளுக்குள் குமைந்துகொண்டுதான் போனாள். தோற்றுப்போனவள் நடப்பதுபோல இருந்தது அந்த நடை.

தொமாசா அவள் வாயைத் திறக்குமுன்பே சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டாள். "வருவேன்னு தெரியும். ஊரெல்லாம் பேசுறாங்க."

"எனக்கு நம்பிக்கை இருக்கான்னு கேக்காதீங்க, நாங்."

"உன்ன யாரு கேட்டா? அவருக்கு இருந்துச்சு, அது போதும். திங்கக்கெழம சுட்டு முடிச்சதும் கொண்டுவந்து குடுத்துடு. எனக்கு இது ஒண்ணுதான் அவரு கையெழுத்துல மிச்சம். ஒண்ணு மட்டும், பிரிச்சுடாத."

"பிரிக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து காகிதத்தை இருந்த இடத்தில் இருந்தபடி வைத்து, பிடிக்கட்டையை மூடித் திருகினாள். மேல்திருகு ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போதே இறுகி நின்றுவிட்டது.

பானிங்கின் கை அப்படியே நின்றது.

காகிதம் இல்லாதபோது அந்தத் திருகு முழுசாக உள்ளே போனது. இப்போது ஒரு சுற்றுக் குறைகிறது. காகிதத்தின் கனம் மரத்தை வெளியே தள்ளுகிறது. அப்படியானால் மரம் அந்தக் காகிதத்தை எதன் மேல் அமுக்குகிறது? மறுபடி கழற்றினாள். காகிதத்தின் மேல் நீளவாக்கில் ஒரு பள்ளம் பதிந்திருந்தது, விரல் கணு நீளம். அந்த நீளத்தில் அந்த இடத்தில் துப்பாக்கியில் என்ன இருக்கிறது? தாழைப் பிடித்து வைக்கும் சின்னச் சுருளும் முளையும் குடியிருக்கும் குழாய். அது துப்பாக்கியின் உடம்போடு இரண்டு ஆணிக்காலால் அடித்துப் பொருத்தியது, யாரும் கழற்றுவதில்லை, அவளும் கழற்றவில்லை. கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினாள். மயிரிழை அளவுக்கு ஆடியது.

"ஒஸ்டிங்!" என்று வீடு அதிரக் கத்தினாள்.

அவன் கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்தான். "வெட்டிக்கிட்டியா? சொன்னேன்ல!"

"ஆடுது! பாரு, ஆடுது!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுடும் அதிர்ச்சியில் குழாய் விலகுகிறது, தாழின் பிடி விடுகிறது, தாழ் தானாகத் துள்ளி எழும்பி ஸ்லைடைப் பிடித்துக்கொள்கிறது. காகிதம் இருந்தவரை மரத்தோடு சேர்ந்து குழாயை அமுக்கி வைத்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

"அப்ப செபம்தான் புடிச்சு வெச்சிருந்துச்சு" என்றான் ஒஸ்டிங்.

"செபமில்ல, காகிதம்! பிஸ்கட் தாள வெச்சிருந்தாலும் புடிச்சிருக்கும்."

"நான் என்ன சொல்றேனோ அதையேதான் நீயும் கோவமா சொல்ற" என்று அவன் கொல்லைக்குப் போய்விட்டான்.

கோளாறு கிடைத்துவிட்டது, நிம்மதியாகத் தூங்க வேண்டியவள்தானே? அதுதான் இல்லை. இப்போது காகிதம் அவளைப் பிடித்துக்கொண்டது. செபம் வைக்கிறவன் எங்கே வேண்டுமானாலும் வைப்பான். ஏன் அளந்தாற்போல அந்தக் குழாயை ஒட்டி? பட்டறையில் அரம் போட்ட மனுஷனுக்கு அது ஆடுவது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தால் ஏன் தட்டி இறுக்கவில்லை? விரல்கள் அரித்தன. பிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். பெரிய வெள்ளி இரவு முழுக்கத் தாக்குப்பிடித்தாள். சனிக்கிழமை காலை ஒஸ்டிங் வண்டி எடுத்துக்கொண்டு போனதும், கதவைச் சாத்திவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். மடிப்பின் வரிசையை மனசில் வைத்துக்கொண்டுதான் பிரித்தாள், பாவம் செய்யும்போதுகூட மெக்கானிக்தான்.

லத்தீன் இல்லை. சிலுவைக்குறி இல்லை. ஊர்ப் பேச்சில், கோணல்மாணலான பெரிய எழுத்தில் இருந்தது:

"இதைத் திறக்கும் மெக்கானிக்குக்கு. இங்கே இருக்கும் சின்னக் குழாய் தளர்ந்துவிட்டது. இந்தக் காகிதம் அதற்கு முட்டு. எடுத்துவிட்டால் பாதியில் நிற்கும். உள்ளிருந்து தட்டி இறுக்கினால் சரியாகிவிடும், பத்து நிமிஷ வேலை. எனக்குச் சுத்தியல் நிற்கவில்லை, கை நடுங்குகிறது. பட்டறையில் கொடுத்தால் நீயே ஏன் தட்டவில்லை என்று கேட்பார்கள். என் கை நடுங்குவது யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமாகத் தொமாசாவுக்கு. அபுண்டியோ."

"அட கிழவா!" என்றாள் பானிங். மூன்று வருஷம் கண்ணாடி மாற்றணும், கண்ணாடி மாற்றணும் என்று ஊரை ஏமாற்றியிருக்கிறார். அவளுக்குத்தான் எழுதியிருந்தார். எவளோ எவனோ ஒரு மெக்கானிக் நிச்சயம் இதைத் திறப்பான், திறந்ததும் பிரித்துப் படிப்பான் என்று நம்பி எழுதியிருக்கிறார். ஊரில் உள்ள சாமான்களையெல்லாம் பிரித்துப் போட்டவள், தனக்கு வந்த கடிதத்தை மட்டும் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சுரூபத்துக்குப் பின்னால் வைக்கக் கொடுத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே வரிசையில் மடித்து, தாளைச் சுற்றி, சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

உயிர்ப்பு ஞாயிறு விடியற்காலைப் பூசை முடிந்து மணிகள் அடித்து ஓய்வதற்குள் அந்தத் தெருவில் முதல் சுத்தியல் சத்தம் பானிங் வீட்டில்தான் கேட்டது. குழாயின் கால்களை உள்ளிருந்து விரித்துத் தட்டினாள். கை நடுங்கவில்லை. கிழவர் சொன்னபடி பத்து நிமிஷம்தான் ஆயிற்று. விரலால் நெம்பிப் பார்த்தாள், பாறை மாதிரி நின்றது. பிடிக்கட்டையைக் காகிதமில்லாமல் மூடினாள். மேல்திருகு முழுசாக உள்ளே போயிற்று.

திங்கட்கிழமை காலை சுடுகளத்தில் பாதி ஊர் இருந்தது. அறுபது குண்டு பார்க்க வந்த கூட்டம் அல்ல, செபம் பார்க்க வந்த கூட்டம். தொமாசா அதைத் திரும்பக் கொடுத்தனுப்பியது அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தென்னை நிழலில் நாற்காலி போட்டுத் தொமாசாவும் உட்கார்ந்திருந்தாள், கையில் செபமாலை. பானிங் ஆறு போட்டாள், சுட்டாள். ஆறாவதில்தான் நின்றது, நிற்க வேண்டிய இடத்தில். மறுபடி ஆறு. மறுபடி. ஒவ்வொரு நாலாவது குண்டுக்கும் அவள் கண் தாழின் மேல் போய்வந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. கபிதான் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கூட்டம் கைதட்டியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கலிக்ஸ்டோ முந்திக்கொண்டான். இடம் போன கடுப்பு முகத்தில் எரிந்தது. "செபத்த வெச்சதும் ஓடுது பாரு! இதுல இவ சாமர்த்தியம் எங்க இருக்கு? தொறந்தது பானிங், மூடுனது அபுண்டியோ!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கபிதானும் சிரித்துவிட்டார். "எப்படியோ, எடம் ஒனக்குத்தான், இண்டாய். ஆனா ஒண்ணு, இனிமே அந்தத் துப்பாக்கியக் கழட்டாத. செபம் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

பானிங்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பொத்தானுக்கு அடியில் காகிதம் தட்டுப்பட்டது. எடுத்துப் பிரித்து, கலிக்ஸ்டோவின் மூக்குக்கு நேரே நீட்டினால் போதும். செபமுமில்லை, மண்ணுமில்லை, கோளாறைக் கண்டுபிடித்தவள் நான், தட்டியவள் நான், இந்தா கிழவர் கையெழுத்து என்று சொன்னால் போதும். பதினேழு வருஷப் பேச்சு நிலைக்கும். மக்தான் வரைக்கும் போகும். பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

அப்போது தொமாசாவைப் பார்த்தாள். கிழவி எழுந்து நின்றிருந்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பை அன்றுதான் ஊர் பார்த்தது. பக்கத்திலிருந்த பெண்கள் அவள் தோளைத் தட்டி, "உன் புருஷன் செத்தும் காவல் இருக்காருடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பானிங் பொத்தானைப் போட்டாள். "ஆமா, கலிக்ஸ்டோ. அவருதான் மூடினாரு" என்றாள்.

ஒஸ்டிங் மட்டும் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை வீடு அதிரக் கத்தியவள் இவள்தானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மத்தியானம் தொமாசா வீட்டுக்குப் போய்க் காகிதத்தைக் கொடுத்தாள். கிழவி வாங்கிச் சுரூபத்தின் அங்கிக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பிரிச்சுப் பாக்கலியே?"

"இல்ல, நாங்."

"நல்லது." மெழுகுவர்த்தியின் திரியைக் கிள்ளிவிட்டுக்கொண்டே தொமாசா சொன்னாள்: "இத அவரு எழுதுனப்ப நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு எழுத்து எழுத அவ்வளவு நேரம். இடக்கையால வலக்கையப் புடிச்சுக்கிட்டு எழுதினாரு, பாவம். யாருக்குங்க செபம்னு கேட்டேன். எனக்கப்புறம் இத எடுக்கறவங்களுக்குன்னாரு."

பானிங் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம் அப்படித்தான் நடுங்குச்சு அந்தக் கை" என்றாள் தொமாசா. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. நானும் காட்டிக்கல. காப்பியக்கூட அரைக் கோப்பதான் ஊத்திக் குடுப்பேன், சிந்தாம இருக்கட்டும்னு. ஏன் கொறையுதுன்னு ஒருநாளும் அவரு கேக்கல."

சுரூபத்துக்குப் பின்னால் காகிதத்தின் பளபளப்பு ஓரம் தெரிந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம். பானிங் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்னக் காப்பாத்திச்சுல்ல, இண்டாய்?"

"காப்பாத்திச்சு, நாங்" என்றாள் பானிங். அதில் பொய் எதுவும் இல்லை.